தைத்து அனுப்பிய கடைசி அத்தியாயங்கள்

திருப்பாதிரிப்புலியூர்
2.4.2025

அன்புள்ள தங்கை புஷ்பமேரிக்கு,

படிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தில், இந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. உன் மகன் ஜெகனுக்கு நான் எழுதிய கடிதம்.
2. அதில் நான் குறிப்பிட்ட நான்கு விவரங்கள்.
3. அவன் உன்னை ஒசூருக்கு அழைத்துப்போக முடிவு செய்ததில் என் பங்கு.
4. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. மார்ச் பதினெட்டாம் தேதி ஜெகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உனக்கு மறதி அதிகமாகி வருகிறது, நீ தனியாக இருப்பதைப் பற்றி அவன் யோசிக்க வேண்டும் என்று எழுதினேன். உன்னிடம் சொல்லாமல் எழுதினேன். இதை மறுக்கவில்லை.

இரண்டாவது, அந்த நான்கு விவரங்கள். (அ) பிப்ரவரியில் உன் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். அந்த மூன்று நாளில் இரண்டு முறை பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நீ அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். (ஆ) பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வியை நீ இரண்டு தடவை முத்தம்மாள் என்று கூப்பிட்டாய். (இ) போன ஆகஸ்டில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், ஃபோனைக்கூட எடுக்காமல், தனியாகப் பிச்சாவரம் போய்ச் சாயங்காலம் திரும்பியிருக்கிறாய். தமிழ்ச்செல்விதான் சொன்னாள். (ஈ) நம் புத்தகங்கள்.

நான்காவது விவரம்தான் என்னைக் கலங்க வைத்தது. பன்னிரண்டு வருடமாக நாம் இந்தத் துப்பறியும் நாவல்களைப் படிக்கிறோம். சிதம்பரத்தில் பழைய புத்தகக்காரர் சுப்பராயலுவிடம் வாங்கி நீ முதலில் படிப்பாய். கடைசி இரண்டு அத்தியாயத்தைப் படிக்காமல், ஆஸ்பத்திரியில் தையல் போட்ட அதே கையால் அந்தப் பக்கங்களை நூல்போட்டுத் தைத்துவிடுவாய். கொலை செய்தது யார் என்று நீ நினைக்கும் பெயரை ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, புத்தகத்தோடு எனக்குப் பார்சல் அனுப்புவாய். நானும் படித்து என் சீட்டை எழுதிய பிறகுதான் தையலைப் பிரிப்பேன். முடிவை உனக்கு நான்தான் சொல்வேன். ஐம்பத்தாறு புத்தகத்தில் நாற்பத்து நான்கை நீ சரியாகச் சொல்லியிருக்கிறாய். நான் பத்தொன்பது. என் நோட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கடைசி ஐந்து புத்தகத்தில் உன் சீட்டு ஒன்றுகூடச் சரியில்லை. அப்படி வரிசையாக ஐந்தும் தற்செயலாகத் தவற, பத்தாயிரத்தில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான் இருக்கிறது. புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன், இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

அந்தக் கதைகளில் துப்பறியும் தையல் டீச்சரும் பூக்கடைக்காரியும் செய்வதைத்தான் நானும் செய்ததாக நினைத்தேன். சின்னச் சின்ன விஷயங்களைக் கவனித்தேன், சேர்த்துப் பார்த்தேன்.

மூன்றாவது. அவன் உன்னை அடிக்கடி வந்து பார்ப்பான், டாக்டரிடம் காட்டுவான் என்று மட்டும்தான் எதிர்பார்த்தேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மே பதினைந்தாம் தேதி உன்னை ஒசூருக்குக் கூட்டிப்போவான் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

நான்காவது. பதில் எழுது. திட்டியாவது எழுது. நீ ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் காதுக்கு இப்போது பாதிதான் விழுகிறது.

உன் அண்ணன்,
செபாஸ்டின்

*

சிதம்பரம்
6.4.2025

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை பால் வைத்துவிட்டுப் படித்தேன். பொங்கவில்லை. உன் நோட்டில் எழுதிக்கொள்.

பூக்கடைக்காரி செய்ததைச் செய்தேன் என்கிறாய். அந்தப் பூக்கடைக்காரி கடைசியில் சம்பந்தப்பட்ட எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராகப் பேசுவாள். நீ என் முதுகுக்குப் பின்னால் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி ஒசூருக்கு அனுப்பினாய். அந்தப் புத்தகங்களில் மொட்டைக்கடுதாசி போடுகிற ஆள் ஒருவன் வருவானே, அவன்தான் நீ. கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய்.

உன் விவரங்களுக்கு வருகிறேன். கொலையுண்டவனின் உயில் காணாமல் போகிற இடத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது பால் பொங்காமல் என்ன செய்யும்? உன் வீட்டில் பொங்கவில்லை என்றால் நீ சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

தமிழ்ச்செல்வியை முத்தம்மாள் என்று கூப்பிடுவது அவளுக்கே தெரியும். எங்கள் வார்டில் முத்தம்மாள் என்று ஒரு ஆயா இருந்தாள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை சொல்வாள். இவளும் அப்படி. நான் பிச்சாவரம் போனதை உனக்குச் சொன்னதே இவள்தானே, இன்னும் என்ன ருசு வேண்டும்?

இனி பிச்சாவரம். அந்தப் படகுத்துறைக் கதை ஞாபகம் இருக்கிறதா? ஒரு நடுவயதுப் பெண் கழிமுகத்தில் படகில் போய்க் கொன்றுவிட்டு, நாற்பது நிமிஷத்தில் திரும்பி வந்து தேநீர் விருந்தில் உட்கார்ந்திருக்க முடியுமா என்பதுதான் அதில் கேள்வி. நான் படகு ஓட்டியவள் இல்லை. அதனால் பஸ் பிடித்துப் போனேன். ஃபோன் சார்ஜில் இருந்தது. இளவரசு என்று ஒரு படகுக்காரத் தம்பி.

"ஏம்மா, தனியாவா வந்த? கூட யாரும் வரலியா?" என்றான்.

"அத வுடு தம்பி. ஒரு பொம்பள துடுப்பு போட்டுக்கிட்டு அந்தாண்ட கரைக்குப் போயிட்டு வர எவ்ளோ நேரமாவும்?"

"எதுக்கும்மா கேக்குற?"

"ஒருத்தனக் கொல்றதுக்கு."

அவன் கொஞ்சம் யோசித்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். "அப்பிடின்னா போறப்ப ரெண்டு பேரு, வரப்ப ஒரு ஆளு. போறப்ப பாரம் ஜாஸ்தி, டைம் எடுக்கும். தண்ணி ஏறுதா எறங்குதான்னு வேற பாக்கணும்மா" என்றான். எப்படிப்பட்ட பிள்ளை பார்! அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்னைச் சும்மாவே சுற்றிக் காட்டினான். எங்கே பிணத்தைச் சொருகினால் தெரியாது என்றுகூட இரண்டு இடம் காட்டினான்.

இதுதான் நீ என் பிள்ளைக்கு எழுதிய மறதி.

ஒசூரில் ஒன்பதாவது மாடி. அந்த வீட்டில் எனக்கு ஒரு அறை தருவார்கள். மருமகள் அனிதா நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள், வெளிக்கதவு நம்பர் அழுத்தினால்தான் திறக்கும். அந்த நம்பரை எனக்குச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எனக்கு மறதியாம். எழுபத்தொரு வயதில் நான் என் வீட்டை விட்டு வாட்ச்மேன் இருக்கிற கட்டடத்துக்குப் போவேன் என்று நினைக்கிறாயா?

புஷ்பமேரி

*

திருப்பாதிரிப்புலியூர்
10.4.2025

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. நேற்று இதே கடிதத்தை எழுதி, தபால் நிலையம் வரை போய், பெட்டியில் போடாமல் திரும்பி வந்தேன். பிறகு மறுபடி போனேன். மணி நாலரை ஆகிவிட்டது, பெட்டியிலிருந்த தபாலை எடுத்துவிட்டார்கள்.

பால், தமிழ்ச்செல்வி, பிச்சாவரம் ஆகிய மூன்றையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ சொல்வது பொருந்துகிறது. இளவரசு சொன்ன பாரத்தின் கணக்கு என் புத்திக்கு எட்டாமல் போனதற்கும் வெட்கப்படுகிறேன்.

உடனே ஜெகனைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்துக்கொண்டேன்.

"மாமா, நாலு பாயிண்ட் போட்டு நீங்கதான எழுதுனீங்க? இப்ப நீங்களே இல்லன்றீங்க. அம்மா ஒங்களத் திட்டுனாங்களா?"

"திட்டுனா. ஆனா அதனால சொல்லல. மூணு தப்புடா."

"நாலாவது?"

நான் ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"மாமா, அம்மா கத படிச்சிக் கொலகாரனக் கண்டுபுடிக்கிறது எனக்குச் சின்ன வயசுலருந்து தெரியும். எங்க வீட்டுல எதையும் ஒளிச்சி வெக்க முடியாது. அவுங்களுக்கே அஞ்சு தடவ தப்புதுன்னா வேற என்ன அர்த்தம்? நான் ஒண்ணும் அவுங்கள ஜெயில்ல போடல. நாளக்கி எதாச்சும் ஆச்சின்னா மொதல்ல நீங்கதான் ஏன்டா பாக்கலன்னு கேப்பீங்க."

அவன் கேட்டதில் தவறில்லை. உன் கடிதத்தை மூன்று முறை பார்த்தேன். முதல் மூன்று விவரத்துக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறாய். நான்காவதைத் தொடவே இல்லை. அந்த ஐந்து சீட்டும் என் மேசையில்தான் இருக்கின்றன. உன் கையெழுத்துதான். தையல் டீச்சர் கதையில், சம்பவம் நடந்த அன்று ஊரிலேயே இல்லாத ஒருவரின் பெயரை எழுதியிருக்கிறாய். பத்து வருடம் முன்னால் நான் அப்படி எழுதியிருந்தால் நீ ஒரு மாதம் சிரித்திருப்பாய்.

இதற்குக் காரணம் சொன்னால் நானே ஜெகனிடம் போய்ப் பேசுகிறேன். காரணம் இல்லை என்றால், இல்லை என்றாவது எழுது. எனக்கு ராத்திரியில் தூக்கம் சரியாக இல்லை.

அண்ணன்

*

சிதம்பரம்
13.4.2025, குருத்து ஞாயிறு

அண்ணனுக்கு,

இதை எழுத வைத்துவிட்டாயே என்று உன்மேல் கோபமாக இருக்கிறது. சாகும்வரை சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.

அண்ணி போனது இரண்டாயிரத்து இருபத்து மூன்று அக்டோபரில். அதற்குப் பிறகு வந்த ஜனவரியில் நாம் ஒரு புத்தகம் படித்தோம். நீ தோற்றாய், நான் ஜெயித்தேன். அப்போது நீ எனக்கு என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. 'ஜோதிமேரி நோயையும் நான் கவனிக்கவில்லை, இந்தக் கொலைகாரனையும் கவனிக்கவில்லை, என் கண்ணில் எதுவுமே படுவதில்லை புஷ்பா' என்று எழுதினாய். அதற்கு அப்புறம் ஐந்து வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உன் தெருமுனைக் கடைக்காரன் அன்பரசு ஃபோன் செய்து, "சார் கடைக்கே வர்றதில்லம்மா, கதவயும் தொறக்குறதில்ல" என்று சொன்ன பிறகு நான் பஸ் ஏறி வந்தேன். நீ ரசம்கூட வைக்காமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய்.

அடுத்த புத்தகத்துக்குத் தப்பான பெயரை எழுதி அனுப்பினேன். வேண்டுமென்றேதான். நீ ஜெயித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கியதாக எழுதியிருந்தாய். பல மாதம் கழித்து நீ கறி எடுத்த முதல் ஞாயிறு. சரி, இவனுக்கு வைத்தியம் இதுதான் என்று முடிவு செய்தேன். முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு டோஸ் எவ்வளவு, எத்தனை வேளை என்று தெரியாதா?

ஐந்து புத்தகத்திலும் அப்படித்தான் செய்தேன். அதை எடுத்துவைத்து, பத்தாயிரத்தில் ஐந்து என்று கணக்குப் போட்டு, என் பிள்ளைக்கு எழுதி, என்னை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறாய்.

நம்பமாட்டாய். ருசு கேட்பாய். ருசு உன் அலமாரியிலேயே இருக்கிறது. நான் புத்தகங்களுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு அனுப்புகிறேன் அல்லவா? தோல்வி தோல்விதான் என்றாலும், எனக்குத் தெரிந்ததை எங்கேயாவது எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அட்டையைப் பிரித்து உள்பக்கம் பார். பின்பக்கத்து மடிப்புக்குள் பென்சிலால் சரியான பெயரும் தேதியும் எழுதியிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தைத் தைத்துவிட்டு எழுதியது.

நீ கிழிக்காமல் மெதுவாகப் பிரிப்பாய் என்று தெரியும். ஒரு வருஷமாக அவை உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் நீ ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. துப்பறிகிறவர் லட்சணம் இதுதான்.

ஈஸ்டருக்கு ஜெகனும் அனிதாவும் வருகிறார்கள். சாமான்களை எது எடுப்பது, எது விடுவது என்று பார்க்கத்தான் வருகிறார்கள். நீ என்ன செய்யப்போகிறாய்?

புஷ்பமேரி

*

திருப்பாதிரிப்புலியூர்
17.4.2025, பெரிய வியாழன்

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன்.

ஐந்து புத்தகத்தையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலில் தையல் டீச்சர். ஒட்டுத்தாளை நனைத்து, பிளேடால் மெல்லத் தூக்கி அட்டையைப் பிரித்தேன். காலண்டரில் இருந்த அந்தோனியார் படத்துக்குக் கீழே, மடிப்பில், பென்சிலில் 'வக்கீலின் தங்கை, 3.3.2024' என்று உன் எழுத்து. வக்கீலின் தங்கைதான் கொன்றவள். என் சீட்டிலும் அவள் பெயர்தான். ஆனால் எனக்கு அது முன்னூறாவது பக்கம் வரை தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருந்தது. நீ தெரியாதவள்போல எழுதினாய், நான் கறி வாங்கித் தின்றேன்.

கோபமா, வெட்கமா, என்னவென்று தெரியவில்லை. பல்லைத் துலக்கினேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பிறகு ஒவ்வொன்றாக மற்ற அட்டைகளைப் பிரித்தேன்.

இன்று காலை ஜெகனுக்கு ஒரு கடிதம் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அன்பரசுவிடம் கொடுத்தேன். அதன் நகல் இது:

1. பால், பெயர், பிச்சாவரம் ஆகிய மூன்றுக்கும் தகுந்த காரணம் உண்டு. விசாரிக்காமல் எழுதியது என் தவறு.
2. சீட்டுகளில் தவறான பெயர் எழுதியது உன் அம்மா வேண்டுமென்றே செய்தது. எனக்காகச் செய்தது.
3. சரியான பெயர்களை அவள் அட்டைகளுக்குள் எழுதியிருக்கிறாள். நான் பிரித்துப் பார்த்தேன். ஐந்தும் சரி.
4. ஆகவே என் மார்ச் கடிதத்தை நீ பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன்.

இதை எழுதி முடிக்க எனக்கு நான்கு தாள் வீணானது. கை ஓடவில்லை. வயதாகிறது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவை. முகத்துக்கு நேராகப் பேசுகிறேன். எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பேசுகிறேன்.

அண்ணன்

*

சிதம்பரம்
22.4.2025

என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு நாளாகியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நீ வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து டீப்பாயில் வைத்தபோது, தமிழ்ச்செல்வி என் காதில், "இன்னாக்கா, ஒங்க அண்ணன் எதாச்சும் விக்க வந்திருக்காரா?" என்று கேட்டாள். எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு நீ மட்டும் நின்றுகொண்டு, "இந்த அறையில் தவறு செய்தவர் ஒருவர் இருக்கிறார். அது நான்தான்" என்று ஆரம்பித்தாயே! இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், துப்பறிகிறவரே குற்றவாளி என்று எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

ஜெகன் விடவில்லை, பார்த்தாயா? என் பிள்ளை. "மாமா, அம்மா முடிவப் படிச்சிட்டுத் திரும்பத் தச்சிருக்கலாம்ல?" என்றான். நீ அதற்கும் தயாராக வந்திருந்தாய்.

"பிரிச்சித் தச்சிருந்தா ஊசி ஓட்ட ரெண்டு வரிசையா இருக்கும். எண்ணிப் பாரு. ஒரே வரிசதான்."

அனிதா கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு புத்தகத்திலும் ஓட்டையை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அத்த, நான் இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருசமாவுது. என்னப் பத்தி எந்த அட்டைக்குள்ள எழுதி வெச்சிருக்கீங்க?" என்றாள். அவள் போனபிறகு இங்கே ஒரு புத்தகத்தின் அட்டையை மாற்றிவிட்டேன்.

ஐந்தாவது எங்கே என்று ஜெகன் கேட்டதற்கு, "வீட்டுல இருக்கு. அதுவும் அப்பிடியேதான்" என்றாய். அவன் அதோடு விட்டான். உன் வார்த்தையை அவன் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. பொய் சொல்லத் தெரியாத மாமா என்று சின்ன வயதிலிருந்து சொல்வான்.

ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சரிம்மா, இங்கயே இரு. தெனம் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் பண்ணுவேன், எடுக்கணும். தமிழ்ச்செல்வி அக்காட்ட ஒரு சாவி குடுத்துடு" என்றான். சாவி கொடுத்துவிட்டேன். மூட்டை கட்டியிருந்த பாத்திரங்களையெல்லாம் திரும்ப அடுக்கிவிட்டேன். என் வீடு என்னிடமே இருக்கிறது, அண்ணே. நீதான் பிடுங்கினாய், நீதான் கொடுத்தாய். கோபம் தீர்ந்தது.

அந்த ஐந்தாவது புத்தகத்தை அனுப்பு. ஆர்கன் வாசிக்கிற கிழவி துப்பறிவாளே, அது. தமிழ்ச்செல்விக்கு அட்டையைக் காட்டவேண்டும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. கறிக்குழம்பு வைத்திருந்தேன், நீ சரியாகச் சாப்பிடவில்லை. ஜெகன் ஒத்துக்கொண்ட பிறகும் உன் முகம் தெளியவில்லை. என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னை ஜெயிக்கவைத்ததுதான் உறுத்துகிறதென்றால், அதை விட்டுத்தள்ளு. இனிமேல் இரக்கமே காட்டப்போவதில்லை. சுப்பராயலு ஒரு புதிய புத்தகம் எடுத்து வைத்திருக்கிறார். ஒரு கேக் கடைக்காரி. அந்த ஊரில் கேக் சாப்பிடாமல் ஒருத்தனும் சாவதில்லை.

அந்த ஐந்தாவது புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது? அனுப்பு. தமிழ்ச்செல்வி அட்டையைப் பார்க்க வேண்டுமாம்.

உன் தங்கை,
புஷ்பமேரி

*

திருப்பாதிரிப்புலியூர்
25.4.2025

அன்புள்ள புஷ்பாவுக்கு,

ஐந்தாவது புத்தகத்தைப் பார்சலில் அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் இன்று காலையிலேயே தபாலில் போடுகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் முன்னால் உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன். ஈஸ்டர் அன்று அப்படித்தான் செய்தேன்.

பதினாறாம் தேதி மதியம் நான்கு அட்டைகளையும் பிரித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வக்கீலின் தங்கை. நாய் வைத்தியரின் கம்பவுண்டர். படகுத்துறைக் கதையில் தேநீர் விருந்து கொடுத்தவள். பூக்கடைக் கதையில் ஹெட்டி குவில் என்ற அந்தத் தபால்காரி. எல்லாம் நீ சொன்னபடி. ஐந்தாவதைப் பிரிக்கும்போது உனக்கு மன்னிப்புக் கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தேன்.

அதன் மடிப்பிலும் பென்சில் எழுத்து இருந்தது. தேதி 9.2.2025. பெயர் ஹெட்டி குவில்.

அந்தப் பெயரில் யாரும் ஐந்தாவது கதையில் இல்லை, புஷ்பா. புத்தகம் முழுவதையும் விரல் வைத்து மறுபடி படித்தேன். இல்லை. ஆறு மாதம் முன்னால் முடிந்துபோன கதையின் கொலைகாரி அவள். அவள் பெயரைத்தான் நீ நான்காவது அட்டையிலும் சரியாக எழுதியிருந்தாய்.

அதை எத்தனை விதமாகத்தான் பார்த்தேன்! வேறு அட்டையை மாற்றிப் போட்டிருப்பாயோ? தேதியும் அளவும் அதற்கு இடம் தரவில்லை. வேடிக்கைக்கு எழுதியிருப்பாயோ? நீ சரியான விடையில் வேடிக்கை செய்கிறவள் இல்லை. ஒரே ஒரு தவறு. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று என் படிப்பு சொல்கிறது. போன முறை நான் நான்கை வைத்து நிரூபித்து எல்லாவற்றையும் கெடுத்தேன். அதனால் நான் இப்போது எதையும் நிரூபிக்கவில்லை. உன் கடிதத்தில் இந்தப் புத்தகத்தை இரண்டு இடத்தில், ஏறக்குறைய அதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறாய் என்பதையும் நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை. ஆசையில் கேட்டிருக்கலாம்.

ஜெகனிடம் சொன்னால் மே பதினைந்து திரும்ப வந்துவிடும். அதனால் சொல்லவில்லை. நான் சொல்லவும் மாட்டேன். என் வாழ்க்கையில் எழுதிய கணக்கில் தெரிந்தே ஒரு எண்ணை மாற்றியது, பதினேழாம் தேதி அவனுக்கு எழுதிய கடிதத்தில்தான் முதல் தடவை. சொல்லாமல் விட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு பயமும் ஒன்றுக்கொன்று குறையவில்லை. மூன்று நாளாக வராந்தாவில் நடக்கிறேன். அன்பரசு, "சார், கால் வலிக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

ஆனால் மார்ச்சில் உன்னைக் கேட்காமல் செய்ததை இன்னொரு தடவை செய்ய மாட்டேன். இது உன் தலை, உன் வீடு. இப்படி ஒரு அட்டையை வார்டில் யாராவது உன்னிடம் காட்டியிருந்தால் அடுத்து என்ன செய்யச் சொல்லியிருப்பாய் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். டாக்டரிடம் போகலாம் என்றால் நான் கூட வருகிறேன். பாண்டிச்சேரி என்றாலும் சரி. வேண்டாம் என்றால், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றால், அதற்கும் வருகிறேன். கேக் கடைக்காரியை எனக்கு அனுப்பாதே. இந்தத் தடவை நான் அங்கே தங்கி, நாம் இருவரும் ஒரே புத்தகத்தை ஒரே மேசையில் படிப்போம். நீ ஒரு அத்தியாயம், நான் ஒரு அத்தியாயம். அவ்வப்போது நீ யார்மேல் சந்தேகப்படுகிறாய் என்று கேட்பேன். அது விளையாட்டுக்காக மட்டும் கேட்பதாக இருக்காது. உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

ஜெகனுக்கு எழுதிய கடிதத்தின் நகலை உனக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்றாவது விவரத்தை உன் பிரதியில் மட்டும் திருத்திக்கொள். ஐந்தும் சரி என்று எழுதியது தவறு. நான்குதான்.

அண்ணன்,
செபாஸ்டின்